கண்ணாடித் தண்ணீர்

பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு
தண்ணீரில் இறங்கும் விமானம் கட்டுகிறோம் என்றால்
சத்துவாச்சாரியில் யார்தான் சிரிக்கமாட்டார்கள்.
தேவகிருபை மட்டும் சிரிக்கவில்லை.
படுக்கையறையில் பாதி போயிருந்தது அவளுக்கு.

பகலில் நான் கால் செய்கிறவன்.
முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களுக்கு
பிளாஸ்டரில் அச்செடுத்து, ரெசின் தடவி,
தேய்த்து, மறுபடி தேய்த்து.
அதே ரெசின், அதே கண்ணாடியிழைத் துணி
ராத்திரியில் விமானத்தின் வயிறு.
இரண்டு வேலைக்கும் கேள்வி ஒன்றே:
மேலே இருக்கிற கனம்
எங்கே வந்து இறங்குகிறது?

இம்தியாஸ் மேல்விஷாரத்திலிருந்து வருவான்,
ஸ்கூட்டரில் தோல்மண்டி வாசனை,
சட்டைப்பையில் சர்வோக்கள் கிலுகிலுக்க.
மோட்டார் நான்கும் ரிமோட்டும் அவன் பாடு,
மரமும் ஓடும் என் பாடு.
இறக்கை பன்னிரண்டடி என்றேன்.
பத்தே அதிகம் என்றான்.
ஒட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது,
பன்னிரண்டடி எங்கள் வீட்டு நடையில் திரும்பாது.
ஜன்னல் கம்பியை அறுத்தோம்.
டார்ச் பிடித்தாள் தேவகிருபை, ஒரு வார்த்தை பேசாமல்.
அந்த மௌனத்துக்கு
இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒழுகுமா என்று பார்க்கவும் தண்ணீர் வேண்டுமே.
மே மாதம். குடம் பன்னிரண்டு ரூபாய் லாரித் தண்ணீர்.
மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டித் தொட்டியாக்கி
மிதக்கவிட்டோம்.
"குளிக்கத் தண்ணி இல்ல, கப்பல் வுடறாங்க"
என்றது எதிர்மாடி.
மூக்கு லேசு, வால் அமிழ்ந்தது.
டயர்க் கடையில் சக்கரத்துக்கு அடிக்கும் ஈயத்துண்டு
நானூறு கிராம் கேட்டேன்.
எந்த வண்டிக்கு என்றான். சொல்லவில்லை.
அந்தத் தண்ணீரில்தான்
மறுநாள் போர்வைகள் துவைத்தோம்.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை.
"காவேரிப்பாக்கம் ஏரி கோடி போவுது,"
அதற்குமேல் போனில் அவன் எதுவும் சொல்லவில்லை.

விடியலில் கரை சேர்ந்தோம்.
இலை அசையவில்லை. எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.
ஏரி முழுக்க வானம், ஒரு கீறல்கூட இல்லாமல்.
முதல் ஓட்டம்: நுரை கிழித்துப் போனது, எழவில்லை.
இரண்டாவது: எழவில்லை.
மூன்றாவதில் மோட்டார் சூடாகி மணத்தது.
தண்ணீரை உதறத்தான்
வயிற்றின் அடியில் ஒரு படி வெட்டியிருந்தேன்,
மில்லிமீட்டர் பார்த்து.
வழவழத் தண்ணீர் படியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது,
ஈரத் துணி கல்லில் ஒட்டுவதுபோல்.
"ஈயம்" என்றான் அவன்.
"உன் மோட்டார்" என்றேன் நான்.

அப்போது வந்தார், தெர்மகோல் தெப்பத்தில்,
பிளாஸ்டிக் தட்டால் துழாவிக்கொண்டு.
வலை மடியில் நாலு ஜிலேபிக் கெண்டை.
"ஆள் ஏறலாமா?"
"இல்லண்ணே."
"மீன் புடிக்குமா?"
"இல்ல."
"அப்ப சரி," என்று குறுக்கே கடந்து போனார்.
அவருக்குப் பின்னால் ஏரி மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது.
இம்தியாஸ் என்னைப் பார்க்கவில்லை,
குச்சியை முழுக்கத் தள்ளினான்.
முதல் அலையில் மூக்கு தட்டியது,
இரண்டாவதில் வயிறு,
மூன்றாவது அலை
அடியில் எதுவும் இல்லாமல் போயிற்று.

ஆறு நிமிடம்.
நான் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள்,
பேட்டரி வோல்ட்டைக் கத்திக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது, மூழ்கிக் கிடந்த சீமைக்கருவேலங் கிளை
வலது இறக்கையின் மிதவையைப் பிடுங்கிக்கொண்டது.
சாய்ந்தபடி வட்டமடித்தது விமானம்.
தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார் ஏகாம்பரம்,
பெயர் அப்புறம்தான் கேட்டோம்.
முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்,
ஆஸ்பத்திரியில் நான் தடவிப் பார்ப்பதுபோலவே.
பிறகு தன் தெப்பத்தின் மூலையை
மடக்கென்று ஒடித்து நீட்டினார்.

டேப் சுற்றினேன். கையில் எடைபோட்டேன்:
பழையதைவிடப் பதினெட்டு கிராம் குறைவு.
இம்தியாஸ் பேட்டரி மாற்றி நிமிர்ந்தபோது
ஏரி மறுபடி கண்ணாடி.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஏகாம்பரம் தட்டை எடுத்துக்கொண்டு
தெப்பத்தை நடுத்தண்ணீருக்குத் துழாவினார்.