பதினொன்றாம் மாடியில் பின்பனி

அறிவியல் புத்தகத்தில் நான்கு.
தமிழ்ப் புத்தகத்தில் ஆறு.
சன்னல் வழியே எட்டிப் பார்த்தால்
ஒன்றே ஒன்று:
ஜெலுத்தோங் கடல்மேல் வெயில்,
நாலு மணிக்கு மழை,
மறுபடி வெயில்.

"ஆறு கட்டம் போட்டு
ஆறு பருவமும் வரையணுமாம்.
நாளைக்கே குடுக்கணும்."
துர்ஷினிக்கு ஞாபகம் வந்தபோது
ஞாயிறு மதியம் தாண்டியிருந்தது.
இரவு வேலை முடிந்து நான் கண்ணயர்ந்து
மூன்று மணிநேரம்கூட ஆகவில்லை.

வண்ணப்பெட்டியில் நீலம் தீர்ந்திருந்தது.
நீலமில்லாமல் கார்காலம் எப்படி?
வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டுநீலத்தை
ஒரு மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.
மேகம் வந்தது.
கூடவே மேசை விரிப்புக்கும் வந்தது,
என் கைலியின் ஓரத்துக்கும்,
தம்பி கிஷேனின் இடது காதுக்கும்.

கூதிர்ன்னா என்னம்மா?
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
கண்மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள்
பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறேனே,
பத்தொன்பது டிகிரி, கூடாது குறையாது,
அதுதான் என்றேன்.
ஒரு வெள்ளை முட்டை வரைந்து
இரண்டு கண் வைத்தாள்.

பனியில் வந்து மாட்டிக்கொண்டோம்.
"பார்க்காம எப்படி வரையிறது?"

அதுவரை மேசை விசிறியைத்
துடைத்துக்கொண்டிருந்த பன்னீர்
ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்
ஐஸ் பெட்டியைத் திறந்தார்.
கல்யாணத்துக்கு வாங்கியது.
மேல்தட்டு முழுக்க வெள்ளையாய் இறுகிக் கிடக்கும்.
தீபாவளியிலிருந்து
சுரண்டச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
தோசைத் திருப்பியால் சுரண்டினார், கிண்ணம் நிறைய.
விசிறியை மூன்றில் வைத்து
அதன்முன்னே அள்ளி வீசினார்.

மீன் வாசமடிக்கும் பனி.
பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.
நானும்தான்.
ஒன்றரை நிமிடம் இருந்திருக்கும்
எங்கள் வீட்டுக் குளிர்காலம்.
அப்புறம் தரையெல்லாம் தண்ணீர்.
"இது முன்பனியா, பின்பனியாப்பா?"
"துடைக்கிறதுக்கு முன்னாடி முன்பனி"
என்றார், என்னைப் பார்த்தபடி.
துணி என் கையில் இருந்தது.

மின்தூக்கி வழக்கம்போல் பழுது.
இளவேனிலைத் தேடி
இருபத்திரண்டு படிக்கட்டு வரிசை இறங்கினோம்.
முந்தாநாள் பெய்த மழைக்கு
அங்சானா மரங்களெல்லாம் பேசிவைத்தாற்போல்
ஒரே இரவில் பூத்து
ஒரே பகலில் கொட்டியிருந்தன.
ஆ லெங்கின் கறுப்பு மைவி
மஞ்சளாய்ப் படுத்திருந்தது.
யாரோ விரலால் கிறுக்கிய இடங்களில் மட்டும்
கோடு கோடாய்க் கறுப்பு.

"அம்மா, புலி!"

வேங்கைப் பூ மூடிய பாறையைப் பார்த்து
இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால்
எவளோ ஒருத்தி
இப்படித்தான் கத்தியிருப்பாள்.
அங்சானா வேங்கைக்குத் தங்கை முறை.
இவளுக்கு அது தெரியாது.
நான் சொல்லவும் இல்லை.

சாவியோடு வந்த ஆ லெங்கிடம்
"ஐந்து நிமிடம், அங்கிள்" என்றாள்.
அவர் ஒரு சிகரெட் பற்றவைத்துக் காத்திருந்தார்,
வால் முடியும்வரை.
பிறகு பின்கதவைத் திறந்து
பாலிக் பூலாவ் டுரியான் ஒன்றைக்
காம்பைப் பிடித்து எடுத்து நீட்டினார்.
இந்த வருடத்தின் முதல் பழம்.
பதினொரு மாடி தூக்கிப்போக யாருக்குத் தெம்பு?
கடைசிப் படியிலேயே உட்கார்ந்து
நான்கு பேரும் கைவிட்டுத் தின்றோம்.
முதுவேனிற் கட்டத்தில்
பச்சை முள் வைத்த சூரியன்.
தாளின் ஓரத்தில்
யாருடையதோ பிசுபிசுத்த கட்டைவிரல்.

ஏழு மணிக்குத் தொழிற்சாலை பஸ் வந்தது.
கையுறை மாட்டும்போதுதான் பார்த்தேன்,
நகக்கண்ணில் கொஞ்சம் கார்காலம்.

புதன்கிழமை தாள் திரும்பி வந்தது.
இளவேணில், முதுவேணில் என்றிருந்த
இரண்டு மூன்றுசுழிக்கும்
சிவப்பு வட்டம்.
புலியை விட்டுவைத்திருந்தார் ஆசிரியர்.
வெள்ளை முட்டைக்குப் பக்கத்தில் மட்டும்
பெரிய கேள்விக்குறி.

அதற்குக் கீழே பென்சிலில்,
நன்றாக அழுத்தி எழுதியிருந்தாள்:
எங்க அம்மா, டீச்சர்.