நாற்பத்து மூன்று வயதில் ஒரு பால்பல்

புதன்கிழமை என் மகன் நவுவெலுக்கு
முன்பல் விழுந்தது.
வெள்ளிக்கிழமை எனக்கு.

எலும்பைக் கடிக்கவில்லை, தேநீரில் நனைத்த ரொட்டிதான்.
கல் என்று நினைத்துத் துப்பினேன்.
உள்ளங்கையில்
வேர் கரைந்து, முனை மழுங்கி,
பழைய சட்டைப் பொத்தான் போல ஒன்று.

"உனக்கும் புதுசு முளைக்கும்மா" என்றான்
இரண்டு நாள் அனுபவசாலி.

புந்தா அரேனாஸில் காற்று
ஓட்டைகளைத் தேடிப் போகும்.
ஜன்னல் இடுக்கு, சாவித்துளை,
இப்போது என் வாய்.
படகின் தளத்தில் நின்று
"பின்னால்! இன்னும் பின்னால்!" என்று
லாரிகளுக்குக் கத்தும்போதெல்லாம்
சொல்லுக்குள் ஒரு விசில்.
ஓட்டுநர்கள் சிரித்தார்கள்.
சொன்ன இடத்தில் நிறுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

பல் டாக்டர் ஓயர்சூன், என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"யாஸ்னா, இது பால்பல்.
பன்னிரண்டு வயதில் விழுந்திருக்க வேண்டும்.
இதைத் தள்ளிவிட்டு வரவேண்டியவன் வரவில்லை."

எங்கே போனான்?

எக்ஸ்-ரே படத்தைத் திரையில் போட்டாள்.
சாம்பல் நிறக் கடல்.
வரிசையில் என் பற்கள், எனக்குத் தெரிந்தவை.
அவற்றுக்கு மேலே,
மூக்கின் தரைக்குச் சற்றுக் கீழே,
படுத்துக் கிடந்தது
நீளமாய், கூராய், குறையொன்றும் இல்லாமல்
இன்றுவரை எதையும் கடித்திராத
ஒரு கோரைப்பல்.

"முளைக்காமல் இல்லை. முளைத்தது.
தொடக்கத்தில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
போகப்போகச் சாய்வே பாதையாகிவிட்டது."

அவள் பேனாவால் கோணம் வரைந்து காட்டினாள்.
எனக்கு அது தேவைப்படவில்லை.
ஒரு ஜூலையில், தளமெல்லாம் பனிக்கட்டி,
கம்பளி ஏற்றிய லாரி ஒன்று வழுக்கிக்
குறுக்கே நின்றுவிட்டது.
கரை வந்தாயிற்று. சரிவுப்பலகை இறக்கியாயிற்று.
போர்வெனிரின் தகரக் கூரைகள் கண்ணெதிரே.
லாரியில் பழுதில்லை,
ஓட்டுநரும் குடித்திருக்கவில்லை,
பின்னால் பதினொரு வண்டிகள் ஹாரன் அடித்தன.
கோணம். அவ்வளவுதான்.

போர்வெனிர் என்றால் எங்கள் மொழியில்
'இனி வர இருப்பது'.
வாரத்தில் ஆறு நாள் அங்கே போய்த் திரும்புகிறேன்.

"சிறுமியாக இருந்தபோது வந்திருந்தால்
அண்ணத்தைத் திறந்து,
பல்லில் ஒரு பொன் சங்கிலி ஒட்டி,
மாதம் ஒரு மில்லிமீட்டராய் இழுத்திருப்போம்."
நங்கூரம் தூக்குவது போலவா?
"அதைவிட மெதுவாக.
இப்போது எலும்போடு ஒட்டியிருக்கும் போலிருக்கிறது.
பக்கத்து வேரை அரிக்கவில்லை.
கிடக்கட்டும். வருடம் ஒரு படம் எடுப்போம்."

அப்போதுதான் பொத்தானை நினைத்துக்கொண்டேன்.
ஒருவன் வரும்வரை என்று நின்ற பதிலாள்
முப்பத்தோரு வருடம் வேலை பார்த்திருக்கிறது.
சுட்ட ஆட்டிறைச்சி கிழித்தது. கயிறு முடிச்சு அவிழ்த்தது.
பெண்ணுக்குத் தளத்தில் என்ன வேலை என்று
பழைய கேப்டன் கேட்டபோதும்,
நவுவெலின் அப்பா சாமான் கட்டியபோதும்
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்கிறேனே,
கடித்தது இந்தப் பால்பல்லைத்தான்.

இரவு இரண்டையும் தன் தலையணைக்கடியில் வைத்தான்.
பல் எடுக்கும் எலி வரும், காசு வைக்கும்.
காலையில் ஒரு காசு, ஒரு பல்.
"எலி உன்னுடையதை எடுக்கலையே."
அந்தப் பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வேலைக்குப் போனேன்.

நீரிணையின் நடுவில், ஓய்வு நேரத்தில்,
நாக்கு நுனியால் அண்ணத்தைத் தடவுகிறேன்.
இடப்பக்கம் ஒரு சின்ன மேடு.
புதிதல்ல. என்றைக்கும் இருந்தது.
எல்லோர் வாயும்
இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.