பிப்ரவரி ஒன்பது, ஆறு புள்ளி இரண்டு

விமானிகளின் பதிவேட்டைச் சரிபார்ப்பது என் வேலை.
டுலூத் விமான நிலையத்தின் பின்கட்டில்
ஜன்னல் இல்லாத அறை.
சுவரில் ஒரே ஓர் எண்:
1500.
அதன் கீழே யாரோ பென்சிலால்
"மணி. நிமிடமில்லை" என்று எழுதியிருக்கிறார்கள்.
கிண்டலா கவலையா, இன்றுவரை தெரியாது.

ஐம்பது பேர் போகும் விமானத்தில்
வலது இருக்கைக்கு வர
அத்தனை மணி மேலே இருந்திருக்க வேண்டும்.
ராணுவத்திலிருந்து வந்தால் பாதி போதும்.
மற்றவர்கள் உண்டியல் குலுக்கிச் சேர்க்கிறார்கள்.
ஒருத்தி பற்பசை விளம்பரத்தை வாலாகக் கட்டி
மூன்று கோடை கடலோரம் இழுத்தாள்.
ஒருவன் எண்ணெய்க் குழாயைக் குனிந்து பார்த்தபடியே
வடக்கு டகோட்டா முழுக்கப் பறந்தான்.
"மாடுகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றான்.
பெரும்பாலோர் சொல்லிக்கொடுத்தே சேர்த்தவர்கள்,
இறங்கத் தெரியாதவன் பக்கத்தில் உட்கார்ந்து
ஆயிரம் தடவை சாகாமல் இருந்தவர்கள்.

இருட்டுக்குப் பதிவேட்டில் கட்டம் உண்டு.
மேகத்துக்கு உண்டு.
பயத்துக்கு இல்லை.

நேற்று வந்தது பிராண்ட் ஓகர்லுண்டின் பதிவேடு.
1503.8.
நீல மை, ஒரே சாய்வு,
ஒரு காப்பிக் கறைகூடக் கிடையாது.
அதுதான் முதலில் உறுத்தியது.
பிறகு இந்த வரி:
பிப்ரவரி ஒன்பது, டுலூத், பெமிட்ஜி, திரும்ப டுலூத்,
இன்னொரு முறை அதே வழி.
ஆறு புள்ளி இரண்டு மணி.

பிப்ரவரி ஒன்பதை எனக்குத் தெரியும்.
அன்று மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியானது.
தலைமுடி உலர்த்தும் கருவியால் கார்க் கதவைத் திறந்தேன்.
கோபுரத்தில் லெம்பி
நாள் முழுக்கத் தனியாகச் சீட்டாடினாள்.
ஓடுபாதையில் ஒரு நரி மட்டும்
வேகமெடுத்து, வழுக்கி, உட்கார்ந்து யோசித்தது.
வேண்டுமானால் அதன் பெயரில் எழுதலாம்,
புள்ளி ஒன்று.

கழித்துப் பார்த்தேன்.
இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம் குறைகிறது.

மெர்ல் ஸ்கோக்ஸ்டாட் கதவில் சாய்ந்து நின்றார்.
"இரண்டரை மணிகூட இல்லையே, ஆர்லெட்.
இண்டர்நேஷனல் ஃபால்ஸ் விமானம்
ஐந்து நாளாக ரத்து.
உட்கார ஆள் இல்லை."
அவர் கெட்டவர் இல்லை.
விமானிகள் பத்து மணி ஓய்வெடுத்தார்களா என்று
விடுதிக்கே போன் போட்டுக் கேட்பவர்.
ரத்துப் பட்டியலைக் கையில் சுருட்டி
தொடையில் தட்டிக்கொண்டே நின்றார்.

பையனை அழைத்தேன்.
மறுக்கவே இல்லை.
விமானத்தை வாடகைக்கு எடுத்திருந்தானாம், கிளம்ப முடியவில்லை.
"சமையல் மேசையில் வரைபடத்தை விரித்து
முழுதும் பறந்தேன், அம்மா.
எரிபொருள்கூடக் கணக்குப் போட்டேன்.
ஒரு திருப்பம்கூட விடவில்லை."
நான் நம்பினேன். அதுதான் சங்கடம்.
"காற்று எவ்வளவு போட்டாய்?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"காற்றே இல்லை என்று."

மற்ற ஆயிரத்துச் சொச்சம் மணியில்
எத்தனையில் காற்றில்லை என்று
நான் கேட்கவில்லை.
கேட்க வேண்டியவர்கள் கேட்பார்கள்.
அவர்களுக்கு எழுதிவிட்டேன்.
முத்திரையை இழுப்பறையில் போட்டேன்.
மெர்ல் ஒன்றும் சொல்லாமல்
விளக்குப் போட்டிருந்த தாழ்வாரத்தில்
மறுபடி விளக்குப் போடப் போனார்.

மாலை மினியாபொலிஸ் விமானம் வந்தது.
ஒருவர் பூனைக் கூடையோடு இறங்கினார்.
ஒரு பெண் தூக்கத்திலேயே நடந்தாள்.
வலது இருக்கையில் யார் என்று
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
பார்க்கத் தேவையில்லாமல் இருக்கத்தானே
எனக்குச் சம்பளம்.

நாளை என் தங்கை மகனுக்கு ஞானஸ்நானம்,
இண்டர்நேஷனல் ஃபால்ஸில்.
பலகையில் சிவப்பாக: ரத்து.
காரில் போனால் இரண்டே முக்கால் மணி,
வழி நெடுக உறைபனி,
முன் டயர் இரண்டும் வழவழவென்று.
நானேதான் ஓட்டுவேன்.
என்னிடம் யாரும்
பதிவேடு கேட்கமாட்டார்கள்.