வெளிச்சம் எந்தப் பக்கம்

சிம்மக்கல்லில் ஃப்ளெக்ஸ் கடை.
பகலெல்லாம் முகங்களை வெளுக்கிறேன்.
காதுகுத்துக்கு வரும் தாய்மாமன்கள் அத்தனை பேருக்கும்
ஒரே கன்னம், ஒரே பளபளப்பு.
மருவை எடு, தொப்பையைக் குறை,
தலைவர் தோளில் நம்மாள் கை இருக்கணும்.
இருக்கும்.

பத்து மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியதும்
பெரிய பிரிண்டர் ஆறுகிற சூட்டில்
செவ்வாயை இறக்குகிறேன்.
விண்கலம் அனுப்பியதை அப்படியே போட்டுவைத்திருக்கிறார்கள்,
யாரும் எடுத்துக்கொள்ளலாம்.
பெயர் கிடையாது, நீளமாய் ஓர் எண்.
கழுவாத ஈயப் பாத்திரம் மாதிரி வரும்.

கறுப்பைக் கொஞ்சம் கீழே தள்ளி
வெள்ளையைக் கொஞ்சம் மேலே இழுத்தால்
இடையில் ஒடுங்கிக் கிடந்த நிலம் சோம்பல் முறிக்கும்.
மணல்வரி, பிளந்த தட்டுப்பாறை,
யாரும் ஏறாத சரிவில் உருண்டிறங்கிய ஒரு கல்,
உருண்ட தடம், தையல் போட்டதுபோல.

சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி வழியே
அடுத்தடுத்து எடுத்தவற்றை
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவேன்.
அசையாததெல்லாம் ஒன்றாகிவிடும்.
புழுதிச்சுழல் மட்டும் அதற்குள் நகர்ந்திருக்கும்,
மூன்று நிறத்தில் மூன்று பேராக.
அதைத் திருத்துவதில்லை.
வழியில் தொலைந்த வரிகள் கறுப்புப் பட்டையாக நிற்கும்.
அதையும் பூசுவதில்லை.
பகலில் பூசுகிற அதே கைதானா என்று எனக்கே இருக்கும்.

ஒரே ஒரு தொல்லை.
வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று கண் அடம்பிடிக்கும்.
கீழிருந்து வந்த படத்தில்
பள்ளமெல்லாம் கொப்புளம்.
தலைகீழாகத் திருப்பினால் லபக்கென்று உள்ளே விழும்.
முதல் தடவை நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆவணியில் சோனைமுத்து வந்தான்.
மேலூருக்குக் கிழக்கே ஏதோ ஊர்.
அப்பா வெள்ளைக்கண்ணு, கண்ணீர் அஞ்சலி, பத்துக்கு எட்டு.
கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கில் ஒட்டியிருந்த முகம்,
பாதிக்குமேல் முத்திரை.
"மேகம், புறா எல்லாம் வேணாம்ணே.
பின்னாடி கழுகுப்பொடவு போடுங்க. எங்கூரு மலை.
இருவது வருசம் அதுலதான் கல்லு ஒடச்சாரு."
படம் இருக்கா?
"மலையவா? அத யாரு எடுத்தா?"
போய் எடுத்துட்டு வா என்றேன்.
"மலை இல்லண்ணே" என்றான்,
சில்லறை இல்லை என்பதுபோல.

செயற்கைக்கோள் படத்தில் தேடினோம்.
ஓடைக்கும் கண்மாய்க்கும் நடுவே
சதுரம் சதுரமாய் வெட்டிய குழி,
அடியில் பச்சைத் தண்ணீர்.
"அதேதான்." விரல் வைத்தான்.

ஆனி மாதத்துப் படம். காலை வெயில், வடகிழக்கிலிருந்து.
இரவு அதையும் செவ்வாய்போலவே திறந்தேன்.
நிறம் நீக்கி, கறுப்பைத் தள்ளி, வெள்ளையை இழுத்து
திருப்பினேன்.
எழுந்தது,
படிப்படியாய், சதுரத் தோள்களோடு,
உச்சியில் ஒரு கறுத்த தட்டை.
கழுகு பார்க்கிற கோணம். பரவாயில்லை.
வெள்ளைக்கண்ணுவின் முகத்தில் வெயில் இடப்பக்கம்,
மலையில் வலப்பக்கம்.
முத்திரை ஏறிய பாதியை
வேறொருவர் கன்னத்தால் நிரப்பவில்லை.

காலையில் வெகுநேரம் பார்த்தான்.
"இம்புட்டு ஒசரம் இல்லண்ணே."
நிழலைக் குறைத்தேன்.
"இன்னும்."
குறைத்தேன்.
எவ்வளவு தோண்டினார்களோ அவ்வளவு அது,
என் கையில் இல்லை என்று
சொல்ல வாய் வரவில்லை.

பாக்கி நானூறு ரூபாய்க்கு
கார்த்திகையில் நானே போக வேண்டியதாயிற்று.
ஆட்டுக் கொட்டகைமேல் விரித்திருந்தார்கள்,
மழைக்கு நல்ல கனம்.
வாசலிலிருந்து பார்க்க, அப்பா தலைகீழாக.
அவருக்குக் கீழே கழுகுப்பொடவு
தண்ணீரோடு, சரியான ஆழத்தில்.

சோனைமுத்து டீ சொன்னான்.
குடித்தேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு
நாலரை பஸ்ஸுக்கு நின்றேன்.