நூற்றுக்கு நாலு

சலவைக் கடையில்தான் வைஃபை ஒழுங்காக வரும்.
ஏழாம் எண் உலர்த்திக்கு எதிரே
துணி சுழலும் வெக்கையில்
மடிக்கணினியை முட்டிமேல் வைத்துக்கொண்டு
படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் நிற்கிறேன்.

தந்தை படித்த கல்லூரி.
அம்புக்குறியைத் தொட்டால் பெயர்கள் கொட்டுகின்றன
அகர வரிசையில், ஆயிரக்கணக்கில்.
கீழே, கீழே, இன்னும் கீழே போனால்
கடைசி வரி: பொருந்தாது.
அப்பாவுக்கு நான் வாங்கிவந்த சட்டையைப் பார்த்து
கடைக்காரியும் இதையேதான் சொன்னாள்.

அப்பா அனாஸ்தாசியோ
நாற்பதாயிரம் மாடு நிற்கும் கான்சஸ் கொட்டடியில்
தீவன வண்டி ஓட்டுகிறார்.
அம்மா இறைச்சி ஆலையில், இரண்டாம் ஷிஃப்ட்.
வீட்டில் பேசும் மொழி?
கிச்சே.
பட்டியலில் இல்லை. 'மற்றவை' என்று போட்டேன்.
மற்றவையில்தான் நாங்கள் சிரிக்கிறோம்.
மற்றவையில்தான் அம்மா
தூக்கத்தில் யாரையோ திட்டுகிறாள்.

மிஸ் புருங்கார்ட் நானூறு பேருக்கு ஒரே ஆலோசகர்.
எனக்கென்று கிடைத்த பதினோரு நிமிடத்தில்
திரையைத் திருப்பிக் காட்டினார்:
என் மதிப்பெண், என் ஊர், நான் கேட்கும் கல்லூரி,
நூற்றுக்கு நாலு.
"மனசை விட்டுடாதே. ஆனா
பக்கத்து ஊர்க் கல்லூரிக்கும் ஒண்ணு போட்டு வை."
நல்ல மனுஷி.
மேசையில் பாதி கடித்த சாண்ட்விச்
காலையிலிருந்து அவருக்காகக் காத்திருந்தது.

கட்டுரையில் கஷ்டத்தை எழுது என்கிறார்கள் எல்லோரும்.
காலையில் அம்மாவின் விரல்கள் விரியாது.
வெந்நீரில் முக்கி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பாள்.
அறுநூற்றைம்பது சொல்லுக்குள் அழகாக அடங்கிற்று.
எழுதினேன். வாசித்துப் பார்த்தேன்.
தராசில் வைத்தது போலிருந்தது.
அழித்துவிட்டு
இந்த ஏழாம் எண்ணைப் பற்றி எழுதினேன்.
முப்பது நிமிடம் என்று காசு வாங்கிக்கொண்டு
இருபத்தாறில் நின்றுவிடும்.
மூன்று மாதம் குறித்துவைத்தேன்.
தெற்குக் காற்று வீசும் நாளில் இருபத்துநாலு.
ஏன் என்று தெரியவில்லை.
தெரியவில்லை என்பதிலேயே முடித்தேன் கட்டுரையை.

நேற்று ராத்திரி
மாட்டு நெடியோடு வந்த அப்பா
அந்த நாலு என்ன என்று கேட்டார்.
"நூறு பேர் தட்டினால் நாலு பேருக்குத் திறக்கும்."
பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.
"போன ஜனவரிப் பனிப்புயலில்
எங்க வரிசையில் நூற்றுக்கு நாலு செத்துப்போச்சு.
சின்ன எண்ணுன்னார் மேலாளர்.
சங்கிலி கட்டி இழுத்தவன் நான்.
ஒண்ணொண்ணும் அறுநூறு கிலோ.
நாலு சின்ன எண் இல்லை, எலூவியா."

சொல்லிவிட்டு, சோறு போடச் சொன்னார்.
சாப்பிடும்போது, அங்கே குளிருமா என்றார்.
கல்லூரியில் மாடு உண்டா என்றும் கேட்டார்.

கட்டணத் தள்ளுபடிக்குப் பெற்றோர் கையெழுத்து:
பெயரைத் தட்டினால் போதும் என்றது படிவம்.
அப்பா நம்பவில்லை.
பெயரைத் தட்டினால் அது எப்படிக் கையெழுத்தாகும்?
பேனா வாங்கி
தீவன ரசீதின் பின்பக்கத்தில்
ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதி
"இதையும் சேர்த்து அனுப்பு" என்றார்.

சேர்க்க இடமில்லை அதை.
சட்டைப்பையில் இருக்கிறது.

அனுப்பிவிட்டேன்.
மார்ச் கடைசியில் சொல்வார்களாம்.

ஏழாம் எண் நின்றுவிட்டது.
இருபத்தைந்து நிமிடம். இது புதுசு.
துணியை அப்படியே விட்டுவிட்டு
வாசலுக்குப் போகிறேன்,
காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க.