ஏழாம் நம்பர்

ஆலையில் பெண்களுக்கு ஒரே அளவுதான்:
ஏழாம் நம்பர், வெள்ளை ரப்பர், முழங்கால் வரை.
என் கால் ஐந்து.
மீதி இரண்டு நம்பருக்குள்
முதல் சீசன் முழுக்க விழுந்துகொண்டிருந்தேன்.

காவேரிப்பட்டணம் சாலையில்
ஆனி மாதம் லாரிகள் வால் நீட்டி நிற்கும்.
பெங்களூரா கொட்டும், கொட்டை நீங்கும், கூழ் கொதிக்கும்.
தரையெல்லாம் மஞ்சள் வழுக்கல்.
அதன்மேல் இருபது கிலோ கிரேட்டோடு
நேராக நடக்க வேண்டும், சிரித்த மாதிரி.

பூட்ஸ் நுனியில் பழைய துணி அடைத்தேன்.
அப்போதும் விழுந்தேன்.
பயந்தால் விரல் கவ்வும்;
விரல் கவ்வினால் குதிகால் எழும்பும்;
குதிகால் எழும்பினால் உடம்பு பின்னால் சாயும்;
சாய்ந்தவளைத் தரை சும்மா விடுவதில்லை.

மறு சீசன், சைக்கிள் டியூபை அறுத்து
நுனியில் இல்லை, கணுக்காலைச் சுற்றி
உள்ளே கட்டினேன்.
குதிகால் தன் குழியில் போய் உட்கார்ந்தது.
"என்னடி, புதுசா நடக்கற?" என்றாள் மாதம்மா.

இது தை. ஆலை பூட்டிக் கிடக்கிறது.
குல்மார்க்கிலிருந்து முனிரத்தினம் வீடியோவில் வருகிறான்,
மூக்கு செந்தூரா நிறத்தில்.
பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போனது பதினொரு பேர்;
பத்துப் பேர் சரிவில் இறங்கிவிட்டார்களாம்.
"நம்ம ஊரு உடம்புக்கு இது ஒத்துவராது புள்ள.
பனிய நாம எங்க பார்த்தோம்,
ஃப்ரிட்ஜுக்குள்ள பார்த்தது."

"காலக் காட்டு."
முகத்தை இன்னும் கிட்டே காட்டினான்.
"மூஞ்சி இல்ல. காலு."

கறுப்புப் பிளாஸ்டிக், நாலு கொக்கி,
கோட்டைக் கதவு மாதிரி ஒரு பூட்ஸ்.
"உள்ள எத்தன சாக்ஸ்?"
"மூணு. குளிருதில்ல."
"குதிகால் தூக்குதா?"
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
"தூக்குது."
"விரலு?"
"கவ்வுது."
கல்யாணமாகி ஆறு வருடத்தில்
அவன் என்னிடம் ஒப்புக்கொண்ட முதல் இரண்டு விஷயம்.

சோப்பு டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து
துவைக்கிற கல்லில் நுரைத்தண்ணி ஊற்றி
பூட்ஸ் மாட்டி ஏறி நின்றேன்.
"ஒத்த சாக்ஸ் போடு. சுருக்கம் இருக்கப்படாது.
உக்காந்து குதிகால ரெண்டு குத்து குத்து,
பின்னால போய் ஒட்டட்டும். அப்புறமா கொக்கி.
நிமிந்து நின்னா விரல் முன்னால லேசாத் தொடணும்,
முட்டி மடிச்சா விட்டுடணும்.
கெண்டக்கால் எலும்ப பூட்ஸு மேல சாச்சு நில்லு.
சரிவப் பாத்துப் பின்னால போகாத.
அது நாய் மாதிரி, பின்வாங்கினா துரத்தும்."

அவன் முதுகுக்குப் பின்னால் இந்தியில் சிரிப்பு.
"எங்க கத்துக்கிட்டாங்கன்னு கேக்கறாங்க."
"மாங்கூழுலன்னு சொல்லு."
சொன்னான். சிரிப்பு கூரை வரை போனது.
ஒருவர் மட்டும் சிரிக்காமல் குனிந்து
தன் கொக்கியைத் தளர்த்தினார்.
அதற்குள் சிக்னல் போனது.
கல்மேல் தனியாக நின்றிருந்தேன்,
முட்டி மடித்தபடி.
பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துவிட்டு
உள்ளே ஓடினான்.

நாலு நாள் கழித்துப் பதினொரு நொடி வீடியோ.
முழுக்க வெள்ளை.
வெள்ளைக்கு மேலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி
மடிந்த முட்டியோடு பெரிதாகிக்கொண்டே வந்து
திருப்பத்தில் படத்தைவிட்டு வெளியே போனது.
பிறகு வானம். யாரோ கத்தும் சத்தம்.
"விழுந்தியா?" என்று அனுப்பினேன்.
இன்னும் ஒற்றை டிக்.

சித்திரையில் ஆலை திறப்பார்கள்.
தவமணி சாரிடம் அஞ்சாம் நம்பர் கேட்டுப் பார்த்தேன்.
"ஆர்டர்லயே இல்லம்மா."
டியூபைத் துடைத்து, பவுடர் தடவி,
எடுத்து வைத்திருக்கிறேன்.