இதே விலாசம்

தமிழுக்கு இரண்டை அழுத்தினன்.
பத்தொன்பது நிமிசம் வீணை.
பிறகொரு பெடியன், மலைநாட்டுத் தமிழ்:
"ஏன் மேடம் கட் பண்ணப் போறீங்க?"

மழை இருட்டினாலே ரவுட்டரில சிவப்பு லைட்.
அடுத்த வளவு கனகநிதிக்கு
வேற கொம்பனி, மாசம் எழுநூறு குறைவு.
உண்மையில் முந்நூறுதான்.
மல்லாவிச் சந்தையில் மீன் வாங்கிப் பழகின வாய்.

யாரையோ கேட்டுவிட்டு வந்தான்.
ஐந்நூறு குறைக்கலாமாம்,
இரவுக்கு இருபது ஜிபி சும்மாவாம்.
"ஆனா ரெண்டு வருசம்
இதே விலாசத்துல இருக்கணும் மேடம்.
இருப்பீங்கதானே?"

ரவுட்டர் வயரைப் பார்த்தன்.
சுவரைத் துளைத்து
வெளியே கம்பம் வரைக்கும் போகுது.
கிணற்றுக் கட்டில் சீமெந்து
இன்னும் வெள்ளையாய்.

"ஹலோ? மேடம், இருக்கீங்களா?"

இருக்கிறன்.
எழுநூறாய்க் குறையுங்கோ.